கையசைவும் ஆட்டமும்: ‘வீ ஸ்போட்ஸ்’ பற்றிய ஒரு நோக்கு

முதல் நோக்கில் ஏற்படும் மனப்பதிவை இறுதி மதிப்பீடாகக் கொள்ளலாகாது என்பது திறனாய்வு பயில்வோர் யாவரும் தொடக்கத்திலேயே கற்கும் பாடமாகும். மறுபடி படிக்கும்போது புதிதாகத் துலங்குவதே நல்ல கவிதை. மீண்டும் காணத் தூண்டுவதே நல்ல நாடகம். ஆயின் முதற் சந்திப்பிலேயே தன் முழு ஆற்றலையும் வெளிப்படுத்திவிட்டு, பழகப் பழகச் சுருங்கிப்போகும் ஆக்கங்களும் உள. அத்தகைய ஆக்கமொன்றை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ‘வீ ஸ்போட்ஸ்’ என்னும் வீடியோ விளையாட்டு இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்புகின்றது.

வீடியோ விளையாட்டு ஒன்றைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளலாமா என ஐயுறுவாரும் உளர். நாவலைப் பற்றியும் திரைப்படத்தைப் பற்றியும் முன்னொரு காலத்தில் இதே ஐயம் எழுப்பப்பட்டது என்பதற்கு மேல் அதற்கு விடை வேண்டியதில்லை. எட்டுக் கோடியே இருபத்தொன்பது இலட்சம் பிரதிகள் மக்கள் கையிற் சேர்ந்த ஆக்கமொன்று மனித உடலைப் பற்றியும் விளையாட்டைப் பற்றியும் என்ன எண்ணத்தைப் பரப்பிற்று என வினவுவது திறனாய்வாளரின் கடமைகளுள் ஒன்றேயாகும்.

திரையிலே விளையாட்டை ஆடும் முயற்சி பழமையானது. 1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் புறூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்திலே வில்லியம் ஹிகின்பொதம் என்னும் பௌதிகவியலாளர், ஆய்வுகூடத்தைக் காணவரும் பொதுமக்களை மகிழ்விக்கும் பொருட்டு, அலைவுகாட்டியின் சிறு திரையிலே இருவர் ஆடத்தக்க ரெனிஸ் ஒன்றை அமைத்தார். 1972இல் வெளிவந்த ‘பொங்’ அதே எண்ணத்தை வணிகப் பொருளாக்கிற்று. ஆடுபவர் ஒரு குமிழைத் திருகினார். திரையில் ஒரு கோடு மேலும் கீழும் நகர்ந்தது. அதன் பின்னர் வந்த மூன்று தசாப்தங்களிலே திரை பெரிதும் வளர்ந்தது. வீரர்களின் முகம், வியர்வை, புற்றரையின் நிழல் ஆகிய யாவும் அதில் இடம்பெற்றன. ஆடுபவரின் கைக்கு நேர்ந்ததோ வேறு. ஒரு குமிழ் பத்துக்கு மேற்பட்ட பொத்தான்களாகப் பெருகிற்று. இரு பெருவிரல்களும் ஓயாது உழைத்தன. தோளும் முதுகும் காலும் நாற்காலியில் அசைவற்றிருந்தன. திரையில் ஓடுபவனுக்கும் ஆசனத்தில் இருப்பவருக்கும் இடையிலான இத்தூரத்தை எவரும் குறையாகக் கருதவில்லை. அது இத்துறையின் இயல்பான விதி என்றே கொள்ளப்பட்டது.

இவ்விதியை மாற்ற முயன்ற கருவிகள் இடையிடையே தோன்றாமலில்லை. 1980களிலே காலால் மிதித்து ஆடும் விரிப்பும், 1989இலே கையுறை வடிவிலான கருவியொன்றும் விற்பனைக்கு வந்தன. அவை புதுமைப் பொருள்களாக வந்து புதுமை தீர்ந்ததும் மறைந்தன. ஆதலின் 1889ஆம் ஆண்டு கியோட்டோ நகரிலே சீட்டுக்கட்டு உற்பத்திசெய்யத் தொடங்கிய நின்டெண்டோ, தன் புதிய பொறியின் வெற்றி தோல்வி முழுவதையும் அசைவை அறியும் கருவியொன்றின்மீதே சார்த்தியது துணிகரமான செயலே. அக்காலத் தலைவர் சத்தோரு இவாத்தாவும், வடிவமைப்பாளர் ஷிகேரு மியமோத்தோவும் விளையாட்டுப் பொத்தான்களைக் கண்டு அஞ்சி விலகிநின்ற வீட்டாரை நோக்கியே திட்டமிட்டனர். கருவி தொலைக்காட்சிப் பெட்டியின் றிமோட்டை ஒத்த தோற்றத்துடன் ஆக்கப்பட்டமை தற்செயலன்று. வீட்டிலுள்ள எவரும் எடுக்கத் தயங்காத பொருள் அதுவேயாகும்.

அக்கருவி உலகுக்கு அறிமுகப்படுத்தப்பட்ட முறை உற்றுநோக்கத்தக்கது. 2005ஆம் ஆண்டு செப்ரெம்பரில், ரோக்கியோவில் அது முதன்முறை காட்டப்பட்டபோது ஒரு குறும்படம் திரையிடப்பட்டது. அதிலே விளையாட்டின் காட்சி ஒன்றேனும் இல்லை. றிமோட்டைப் பிடித்து வீசுவோரும் வெட்டுவோரும் துள்ளுவோரும் மட்டுமே அதில் காணப்பட்டனர். தொலைக்காட்சிப் பெட்டி இருக்கும் இடத்திலிருந்து மனிதரைப் பார்ப்பதுபோல அது படமாக்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸில் நடைபெற்ற கண்காட்சியிலே இவாத்தாவும் மியமோத்தோவும் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையைச் சேர்ந்த றெஜி பில்ஸ்-ஏமேயும் மேடையேறித் திரை ரெனிஸ் ஆடினர். கூடியிருந்தோர் திரையைப் பார்த்ததிலும் அதிகமாக மேடையிலிருந்த நடுத்தர வயதினர் கைவீசிய கோலத்தையே கண்டு களித்தனர். விளையாட்டு என்ன என்பதற்கு முன்னரே, விளையாடும் மனிதரின் தோற்றம் எத்தகையது என்பது காட்டப்பட்டுவிட்டது. ‘வீ ஸ்போட்ஸ்’ பற்றிய எந்த மதிப்பீடும் இங்கிருந்தே தொடங்குதல் வேண்டும்.

2006 நவம்பர் 19ஆம் திகதி வட அமெரிக்காவில் ‘வீ’ என்னும் பொறி விற்பனைக்கு வந்தபொழுது இவ்விளையாட்டு அதனுடன் இலவசமாகவே வழங்கப்பட்டது. மியமோத்தோ இதனை முதலில் விரும்பவில்லை என்பர். ஜப்பானில் அது தனிப் பொருளாகவே விற்கப்பட்டது. அவ்வாறு விற்கப்பட்டும் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனை வாங்கினர் என்பதால், அதன் பரவலுக்கு இலவசம் ஒன்றே காரணம் என்று ஒதுக்கிவிட முடியாது. ரெனிஸ், பேஸ்போல், போலிங், கோல்வ், குத்துச்சண்டை ஆகிய ஐந்தும் அதில் அடங்கியுள்ளன. கற்சுயா எகுச்சி தயாரிப்பாளர். ஆடுவோர் தத்தம் சாயலில் ஆக்கிக்கொள்ளும் ‘மீ’ என்னும் சிறு பாவைகளே ஆட்டக்காரர்.

கருவி எதனை அறிகின்றது, எதனை அறியவில்லை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாது மேற்செல்ல இயலாது. றிமோட்டினுள்ளே நகத்தளவேயான ஆர்முடுகல்மானி ஒன்று உள்ளது. மோட்டார் வாகனங்களிலே மோதலின் கணத்தை உணர்ந்து காற்றுப் பையை விரிக்கும் பொருட்டு 1990களில் பெருவழக்கான தொழில்நுட்பத்தின் வழிவந்தது அது. மூன்று திசைகளில் ஏற்படும் ஆர்முடுகலை அது அளக்கின்றது. புவியீர்ப்பையும் உணர்வதால், கருவி அசையாதிருக்கும்போது எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதையும் ஒருவாறு கூறவல்லது. தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைக்கப்படும் பட்டையை ‘உணரி’ எனப் பலரும் தவறாக விளங்கிக்கொண்டனர். அது எதனையும் உணர்வதில்லை. செந்நிறக் கீழ்க் கதிரை வீசும் விளக்குகள் மட்டுமே அதில் உள. றிமோட்டின் முனையிலுள்ள சிறு கமராவே அவ்விளக்குகளைக் கண்டு, கருவி திரையின் எப்புள்ளியைச் சுட்டுகின்றது எனக் கணிக்கின்றது. றக்கற்றை வீசுவது போன்ற வேகமான அசைவிலே கமரா அவ்விளக்குகளைக் கண்ணாலும் காணாது. ஆகவே வீசும் கணத்தில் எஞ்சுவது ஆர்முடுகல்மானி ஒன்றே. கை எங்கே உள்ளது, எவ்வழியே வந்தது என்பது அதற்குத் தெரியாது. ஏதோ ஒன்று வேகமாக அசைந்தது, இன்ன கணத்தில் அசைந்தது, ஏறத்தாழ இவ்வளவு வலிமையுடன் அசைந்தது என்பதே அது பெறும் செய்தி. முழுத் தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்பி வீசிய வீச்சும், ஆசனத்தில் சாய்ந்தவாறே மணிக்கட்டைச் சுண்டிய சுண்டலும் அதன் முன் ஏறக்குறைய ஒன்றே.

ரெனிஸ் ஆட்டத்திலே இது மிகத் துலக்கமாகப் புலப்படும். ஆடுபவர் ஓடவேண்டியதில்லை, பாவை தானாகவே பந்தை நோக்கி ஓடும். எப்பொழுதும் இருவர் அணிகளே மோதுகின்றன. ஒருவர் தனியே ஆடினால் முன்னும் பின்னும் நிற்கும் இரு பாவைகளும் அவர் வீசுந்தோறும் ஒன்றாகவே வீசும். பந்து இடப்புறம் செல்வதும் வலப்புறம் செல்வதும் கையின் திசையால் தீர்மானிக்கப்படுவதில்லை. சற்று முந்தி வீசினால் ஒருபுறமும் சற்றுப் பிந்தி வீசினால் மறுபுறமும் அது பறக்கின்றது. ரெனிஸ் என்னும் விளையாட்டிலிருந்து ஓட்டம், இடந்தேர்தல், உடற்சமநிலை, பிடி ஆகிய அனைத்தையும் நீக்கிவிட்டு, காலம் ஒன்றை மட்டும் அது ஆடுபவரிடம் விட்டுவைத்துள்ளது. தாளத்துக்குத் தட்டுவதை ஒத்தது அது. ஆயினும் முதன்முறை ஆடுபவர்க்கு இவற்றுள் எதுவும் தெரிவதில்லை. பாவை பந்தை எறிவதற்காக அவர் கையை உயர்த்துகின்றார், பந்து மேலெழுகின்றது, வீசுகின்றார், றிமோட்டிலுள்ள சிறு ஒலிபெருக்கி றக்கற்றின் ஒலியைக் கையிலேயே எழுப்ப, கருவி மெல்ல அதிர்கின்றது. தாம் பந்தை அடித்ததாகவே அவர் உணர்கின்றார். அக்கணத்திலே அவர் முகத்தில் தோன்றும் வியப்பைப் பொறியின் எந்தப் பாகமும் அளப்பதில்லை. ஆயின் முழு ஆக்கமும் நோக்கிய இலக்கு அதுவே.

சில நாட்கள் கழிகின்றன. வெற்றி பெறுவதற்கு முழு வீச்சு தேவையில்லை, சுண்டலே போதும் என்பதைக் குடும்பத்திலுள்ள பன்னிரண்டு வயதுப் பிள்ளை கண்டுபிடித்துவிடுகின்றது. அது மட்டுமன்று, சுண்டலே விரைவானது, களைப்பற்றது, காலத்தைத் துல்லியமாகக் காப்பது. திறன் ஆயிரம் புள்ளிகளைத் தாண்டும்போது பாவைக்குத் தேர்ந்த ஆட்டக்காரர் என்னும் தகுதி அளிக்கப்படுகின்றது. ஆனால் அத்தகுதியை நோக்கி ஏறுந்தோறும் ஆடுபவரின் உடல் மெல்ல மெல்ல நாற்காலிக்குத் திரும்புகின்றது. வழக்கமான விளையாட்டுகளிலே தேர்ச்சி கூடக்கூட உடல் முழுமையாகப் பங்குகொள்ளும். இங்கோ தேர்ச்சி கூடக்கூட உடல் விலகிக்கொள்கின்றது. இவ்வாக்கத்தின் உள்முரண்பாடு இதுவே. ‘இது வெறும் ஏமாற்று’ என அக்காலத்தில் எழுந்த கண்டனத்தின் வலுவும் இதிலேயே தங்கியுள்ளது.

அக்கண்டனத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும் அது ஒரு சான்றைக் கணக்கிலெடுக்கவில்லை. பொறி விற்பனைக்கு வந்த ஒரு மாதத்துக்குள்ளேயே, 2006 டிசெம்பரில், றிமோட்டை மணிக்கட்டுடன் பிணைக்கும் நாடாக்களை மாற்றித்தர நின்டெண்டோ முன்வந்தது. ஏறத்தாழ முப்பத்திரண்டு இலட்சம் நாடாக்கள் இதற்குட்பட்டன. ஆடுவோர் வீசிய வேகத்தில் நாடா அறுந்து, கருவி பறந்து, தொலைக்காட்சிப் பெட்டியையும் சுவரையும் தாக்கிய செய்திகள் பல நாடுகளிலிருந்தும் வந்தமையே காரணம். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ ஏடான நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையிலே, பல மணிநேரம் திரை ரெனிஸ் ஆடியதால் தோள்தசைநாண் அழற்சியுற்ற 29 வயது வைத்தியர் ஒருவரைப் பற்றிய கடிதம் சற்று நகைச்சுவையுடன் வெளியாயிற்று. பொறி கேட்டது ஒரு சுண்டல். மக்கள் கொடுத்தது நாடா அறுமளவுக்கு ஒரு வீச்சு. கேட்கப்பட்டதற்கும் கொடுக்கப்பட்டதற்கும் இடையிலான இந்த மிகை எங்கிருந்து வந்தது? அறியாமையிலிருந்து மட்டுமே வந்தது எனின், அறிந்த பின்னரும் பலர் எழுந்து நின்று முழுக்கையும் வீசி ஆடியமைக்கு விளக்கம் இல்லாமற்போகும்.

விடையை விளையாட்டுக் களத்தில் தேடுவதிலும் அரங்கிலே தேடுவது பொருத்தமாகும். பிரெஞ்சு அறிஞர் ரொஜே கைய்வா 1958இல் வெளியிட்ட நூலிலே மனித விளையாட்டுகளைப் போட்டி, தற்செயல், பாவனை, தலைச்சுற்று என நான்காக வகுத்துள்ளார். ‘வீ ஸ்போட்ஸ்’ தன்னைப் போட்டி எனப் பெயரிட்டுக்கொள்கின்றது. புள்ளியும் வெற்றியும் தோல்வியும் அதிலே உள. ஆயின் அதன் உயிர் பாவனையிலேயே உள்ளது. கூத்தன் வில் இல்லாமலே வில்லை வளைக்கின்றான். அவனது தோள் எவ்வளவு உழைத்தது என்று எவரும் அளப்பதில்லை. வில் வளைந்ததைக் காண்போர் கண்டார்களா என்பதே கேள்வி. இங்கும் அறையிலுள்ளோர் காண்போராகின்றனர். பாட்டனார் குத்துச்சண்டை வீரராகின்றார். அவருடைய வீச்சைக் கண்டு பேரப்பிள்ளைகள் சிரிக்கின்றனர். அச்சிரிப்பினால் அடுத்த வீச்சு இன்னும் பெரிதாகின்றது. சுண்டி ஆடினால் வெற்றி கிட்டும். ஆனால் அதனைப் பார்ப்பதற்கு எவரும் இருக்கமாட்டார்கள்.

பாவைகளின் வடிவமும் இதற்கு ஒத்திசைகின்றது. ரெனிஸ் ஆடும் ‘மீ’க்கும் குத்துச்சண்டையிடும் ‘மீ’க்கும் தோளுக்கும் கைக்கும் இடையிலே எதுவுமில்லை, உருண்டையான கை அந்தரத்தில் மிதக்கின்றது. ஜப்பானிய மரபிலே கொக்கேஷி எனப்படும் கைகாலற்ற மரப்பாவைகளை அவை நினைவூட்டுகின்றன. வரைவியல் வறுமை என்று அன்றைய மதிப்புரைகளிற் சில இதனைக் குறைகூறின. ஆயின் மெய்யான வீரர்களின் தசையையும் நரம்பையும் திரையில் காட்டியிருப்பின், ஆடுபவரின் செம்மையற்ற வீச்சுக்கும் திரையிலுள்ள செம்மையான வீச்சுக்கும் இடையிலான பொய் உடனே வெளிப்பட்டிருக்கும். இல்லாத புயத்தை ஆடுபவரின் புயமே நிரப்புகின்றது. திரையில் எதனை விடவேண்டும் என்பதை அறிந்த வடிவமைப்பு இது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே உவகை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். உள்ளத்து உணர்ச்சி உடம்பின்வழிப் புலப்படுதலே மெய்ப்பாடு. இங்கு அவ்வொழுங்கு தலைகீழாகின்றது: உடம்பு முதலில் அசைகின்றது, உவகை அதன் பின்னால் வருகின்றது.

ஏனைய ஆட்டங்கள் யாவும் இத்தரத்தன அல்ல. பேஸ்போல் மூன்று சுற்றுகளுடன் முடிந்துவிடும். பந்து எறிதலும் அடித்தலுமே ஆடுபவர்க்குரியன, களத்தடுப்பைப் பாவைகளே கவனித்துக்கொள்ளும். கோல்வ் ஒன்பது குழிகளைக் கொண்டது. அவை 1984இல் இதே நிறுவனம் வெளியிட்ட பழைய கோல்வ் விளையாட்டின் களங்களைத் தழுவியவை என்பதும், அப்பழைய விளையாட்டின் நிரலை எழுதியவர் பின்னாளில் தலைவரான இவாத்தாவே என்பதும் சுவையான செய்திகள். ஆட்டமாக நோக்கின், மெல்லத் தட்டவேண்டிய இடத்திலே கருவியின் அளவீடு நம்பத்தகாததாகிவிடுகின்றது. குத்துச்சண்டைக்கு இரு கைகளிலும் கருவி வேண்டும். ஐந்தனுள் உடலை மிகவும் களைப்பூட்டுவது அதுவே. கையின் கருத்தை மிகவும் பிழையாக விளங்கிக்கொள்வதும் அதுவே. ஆடுபவர் ஓங்கி ஒரு குத்து விடுகின்றார். பாவை சற்றுத் தாமதித்து வேறெங்கோ கையை நீட்டுகின்றது. அரங்கிலே நடிகர் சொல்வது ஒன்றும் பின்னணி இசைப்பது வேறொன்றுமானால் ஏற்படும் குலைவு இது.

போலிங் தனித்து நோக்கத்தக்கது. ‘வீ ஸ்போட்ஸ்’ என்ற பெயர் இன்றும் நிலைப்பதற்குப் போலிங் ஆட்டமே தலையாய காரணம் எனின் மிகையாகாது. மெய்யான போலிங்கிலே கை ஊசல் போல் பின்சென்று முன்வருகின்றது. அடியில் விரல்கள் பந்தை விடுகின்றன. மணிக்கட்டின் திருகலால் பந்து வளைந்தோடுகின்றது. ஊசலசைவு ஆர்முடுகல்மானிக்கு நன்கு விளங்கும் அசைவு. றிமோட்டின் அடிப்புறத்திலுள்ள பொத்தானை ஆட்காட்டி விரலால் அழுத்திப் பிடித்து, கையை வீசி, உரிய கணத்தில் அவ்விரலைத் தளர்த்தவேண்டும். பிடித்தலும் விடுதலும் என்ற இரண்டையும் பொத்தான் மெய்யாகவே நிகழ்த்துகின்றது. கை பின்செல்லும்போதே தவறி விரலைத் தளர்த்திவிட்டால், பந்து பின்னால் நிற்கும் பார்வையாளரை நோக்கிப் பாய, அவர்கள் துள்ளிக் குதிப்பர். தவற்றையும் நகைச்சுவைக் காட்சியாக்கும் இந்தச் சிறு நயம் ஏனைய நான்கிலும் இல்லை. மெய்யான போலிங்கிலே ஆடுபவர் ஓடவேண்டியதும் இல்லை. எதிரி திருப்பி அடிப்பதும் இல்லை. விளையாட்டிலிருந்து வெட்டியெறியவேண்டியது மிகக் குறைவாக இருந்தமையால் ஏமாற்றும் மிகக் குறைந்தது. இங்கு சுண்டி ஆடுபவருக்கு ஒப்பிடத்தக்க ஆதாயம் எதுவுமில்லை. முழு ஊசலை ஒரே சீராக வீசுபவரே குற்றிகள் பத்தையும் மீண்டும் மீண்டும் வீழ்த்துவர். தேர்ச்சியும் உடலும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாத ஓர் ஆட்டமேனும் இத்தொகுதியில் உண்டு.

2007ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் முதியோர் இல்லங்களுக்குள் இவ்வாட்டம் புகுந்தது. இல்லங்களுக்கிடையே போட்டிகளும் நடைபெற்றன. இளமையிலே போலிங் ஆடி, பந்தின் பாரத்தைத் தாங்க இயலாமையால் பல்லாண்டுகளுக்கு முன்னரே அதனைக் கைவிட்டோர், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே மீண்டும் ஆடினர். கையின் அசைவு நினைவில் இருந்தது, பாரந்தான் இல்லாமற்போயிற்று. பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டோர் கையசைவை மீளப்பெறும் பயிற்சிக்கு மருத்துவமனைகளும் இப்பொறியைப் பயன்படுத்தலாயின. சிறு அசைவையும் முழு வீச்சையும் பொறி ஒன்றாகவே கொள்கின்றது என்பது வலியோரின் நோக்கிலே ஏமாற்றாகத் தோன்றிற்று. முழு வீச்சுக்கு வழியற்றவர் பக்கத்திலிருந்து நோக்கினால் அதே இயல்பு நுழைவாயிலாகின்றது. திரை ரெனிஸைக் கண்டித்தோர் யாருக்காகக் கண்டித்தனர் என்னும் வினா இங்கு எழாமலிருக்க முடியாது. பந்தை முழுமையாக வீச வல்லவர்க்கு ஊர்தோறும் மைதானம் உண்டு. அவர்களுக்குத் திரை கடன்பட்டது மிகச் சிறிது.

இதனால் அந்நிறுவனம் செய்த உரிமைகோரல்கள் யாவும் ஏற்கத்தக்கன என்பதில்லை. தொகுதியினுள்ளே ‘உடற்தகுதி’ என்றொரு பகுதி உண்டு. நாளொன்றுக்கு ஒருமுறை மூன்று சோதனைகளை நடத்தி, ஆடுபவரின் ‘வயது’ இதுவென அது அறிவிக்கும்; இருபதே மிகச் சிறந்த வயது. அது உண்மையில் அளப்பது அவ்வாட்டங்களிலே அவர் பெற்றுள்ள பழக்கத்தையே. சில வாரங்களில் எவரும் பல ஆண்டுகள் இளமையடைந்துவிடலாம். உடல்நலத்தின் மொழியை விளையாட்டின் புள்ளிக்கணக்குக்கு இரவல் வாங்கிய இப்பகுதி, முழு ஆக்கத்திலும் நேர்மை குறைந்த பகுதியாகும். 2007ஆம் ஆண்டின் இறுதியில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையிலே வெளியான லிவர்ப்பூல் ஆய்வொன்று, திரையில் போலிங்கும் ரெனிசும் குத்துச்சண்டையும் ஆடிய வளரிளம் பருவத்தினர், அமர்ந்து ஆடுவோரிலும் அதிக சக்தியைச் செலவிட்டனர் எனவும், மெய்யான விளையாட்டுகளில் செலவாகும் சக்திக்கு அது ஈடாகாது எனவும், பிள்ளைகளுக்கு விதிக்கப்பட்ட நாளாந்த உடற்பயிற்சியின் கணக்கில் சேர்க்கத்தக்க அளவுக்குக்கூட அது கடுமையானதன்று எனவும் கண்டது. அரங்கென்று ஏற்றுக்கொண்ட ஒன்றை மருத்துவச்சாலையென்று ஏற்கவேண்டிய கட்டாயம் எவர்க்கும் இல்லை.

குறையை நிறுவனமும் அறிந்திருந்தது. 2009ஆம் ஆண்டு றிமோட்டின் அடியிற் பொருத்தும் சிறு இணைப்பொன்று வந்தது. சுழற்சியை அளக்கும் உறுப்பு அதனுள் இருந்தமையால் மணிக்கட்டின் திருப்பங்கள் அனைத்தும் ஓரளவு சரியாகவே பதிவாயின. அதனுடன் வந்த ‘வீ ஸ்போட்ஸ் றிசோட்’ பன்னிரண்டு ஆட்டங்களைக் கொண்டது. மேசைப்பந்தும் வாள்வீச்சும் வில்வித்தையும் அதில் முன்னையவற்றிலும் நுட்பமானவை. சுண்டி வெல்லும் வழி பெருமளவு அடைபட்டது. எனினும் கருவி தன் நிலையை மறந்து போவதும், ஆடுபவர் அதனை ஒரு சமதளத்தில் வைத்துச் சீர்செய்யக் காத்திருப்பதும் புதிய தொல்லைகளாயின. துல்லியம் கூடியபொழுது கற்கவேண்டியதும் கூடிற்று. கற்கவேண்டியது கூடியபொழுது, முதன்முறை றிமோட்டை எடுத்த பாட்டிக்கும் பத்தாம் முறை எடுத்த பேரனுக்கும் இடையிலான இடைவெளி மீண்டும் அகன்றது. மூன்று கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றும், முதலாவதைப் போல் அது மக்களின் பேச்சில் இடம்பிடிக்கவில்லை. கையில் எதனையும் பிடிக்காமலே உடல் முழுவதையும் கமராவால் அறியும் ‘கினெக்ற்’ என்னும் கருவியை மைக்ரோசொப்ற் நிறுவனம் 2010இல் வெளியிட்டது. 2017இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. பிடிப்பதற்கு ஒரு பொருளும் இல்லாதவிடத்துப் பாவனைக்குப் பற்றுக்கோடும் இல்லாமற்போயிற்று. கூத்தனுக்கு வில் வேண்டியதில்லைதான். ஆயின் முதன்முறை ஆடவந்த சாதாரண மனிதருக்குக் கையில் ஒரு கோலாவது வேண்டும்.

அமெரிக்காவின் றொச்செஸ்டர் நகரிலுள்ள விளையாட்டு அருங்காட்சியகம் 2023ஆம் ஆண்டு தன் உலக வீடியோ விளையாட்டுப் புகழ்மண்டபத்திலே ‘வீ ஸ்போட்ஸை’ச் சேர்த்துக்கொண்டது. அதற்கு ஓராண்டு முன்னர், ‘சுவிச்’ பொறிக்காக, ‘நின்டெண்டோ சுவிச் ஸ்போட்ஸ்’ வெளிவந்திருந்தது. கைக்கருவி முன்னையதிலும் சிறியது, அசைவை அறிவதில் மிகவும் வல்லது; அதன் நாடாவை ஆடுபவர் இறுக மாட்டிக்கொள்ளும்படி திரை இன்றும் வற்புறுத்துகின்றது. போலிங் அதிலும் உண்டு. வெவ்வேறு நாடுகளிலுள்ள பதினாறுபேர் இணையவழியே ஒரே வேளையில் பந்தெறிந்து, புள்ளி குறைந்தோர் சுற்றுக்குச் சுற்று வெளியேறும் முறை புதிதாகச் சேர்க்கப்பட்டுள்ளது. பதினாறு பாவைகளும் அருகருகே உள்ள ஓடுபாதைகளில் நிற்கின்றன. எவர் எழுந்து நின்று முழுக்கையும் வீசினார், எவர் கட்டிலிற் சாய்ந்தவாறு ஆடினார் என்பது மற்றைய பதினைவர்க்கும் தெரிவதில்லை.